மேட் டைல்ஸ் வேறு, வழுக்காத டைல்ஸ் வேறு

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். ஊரில் புது வீடு கட்டுகிறீர்கள். அம்மாவுக்கு 74 வயது. குளியலறைக்கு 'ஆன்டி-ஸ்கிட்' என்று கடையில் எடுத்துக் காட்டுவதெல்லாம் வெறும் மேட் டைல்ஸ், அதாவது பளபளப்பில்லாத டைல்ஸ் போலத்தான் தெரிகிறது. வழுக்காத தரை என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா, அதை எப்படிச் செய்கிறார்கள், எதைப் பார்த்து வாங்குவது?

இருக்கிறது. உங்கள் சந்தேகமும் நியாயமானதுதான். நான் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா முடித்துவிட்டு, குஜராத்தின் மோர்பியில் டைல்ஸ் ஆலைகளில் கிளேஸ் லைனில், அதாவது டைல்ஸுக்குக் கண்ணாடிப் பூச்சு போடும் இடத்தில், பதினோரு வருடம் இருந்தவன். அப்புறம் கோவைக்கு வந்து ஆலை, கேன்டீன், மருத்துவமனைத் தரைகளுக்கு எபாக்ஸியும் (ஊற்றினால் இறுகும் பசை) வினைலும் (பிளாஸ்டிக் விரிப்பு) போடுகிறேன். டைல்ஸ், வினைல், எபாக்ஸி மூன்றிலும் நான் பட்ட பாடு ஒன்றேதான்: பொடிமணலின் முனையை மூழ்கவிடாமல் வெளியே நிறுத்துவது. என்ன சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

முதலில், ஏன் வழுக்குகிறது? காய்ந்த தரை எதுவுமே பெரிதாக வழுக்காது. முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்ட கிரானைட்டில்கூட, காய்ந்திருந்தால், வெறுங்காலோடு தைரியமாக நடக்கலாம். தண்ணீர் வந்தால்தான் வம்பு. நடக்கும்போது குதிகால் தரையைத் தொட்டு உடம்பின் எடை அதில் இறங்குவது கண் மூடித் திறக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது. அதற்குள் காலுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் பக்கவாட்டில் ஓடியாக வேண்டும். தரை வழவழப்பாக இருந்தால் அது எங்கே ஓடும்? மெல்லிய ஏடாக அப்படியே நடுவில் நின்றுவிடும். கால் அந்த ஏட்டின் மேல் மிதக்கிறது. மழையில் கார் டயர் பிடிப்பை இழப்பதும் இதே கதைதான்.

இந்த ஏட்டைக் குத்திக் கிழிக்க தரையில் சின்னச் சின்ன முனைகள் வேண்டும். அம்மி கொத்துகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போன காலம் உங்களுக்கு நினைவிருக்கலாம். தேய்ந்து வழவழப்பான அம்மியில் மிளகாய் அரைபடாது, குழவிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நகரும். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்தபின் அதே மிளகாய் நகர முடியாமல் நசுங்கும். வழுக்காத தரை என்பது கண்ணுக்குத் தெரியாத அளவில் கொத்திய அம்மி.

எவ்வளவு நுணுக்கமான அளவு என்றால், மைக்ரான் கணக்கு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். தரையின் மேட்டு உச்சிக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள உயரத்தைக் கருவி வைத்து அளப்பார்கள். பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் தரும் வழிகாட்டலின்படி, சுத்தமான தண்ணீர் சிந்தும் தரைக்கு அந்த உயரம் குறைந்தது 20 மைக்ரான் இருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர், பால் என்றால் 45. ஆலிவ் எண்ணெய், மோட்டார் எண்ணெய் என்றால் 70. திரவம் கொழகொழவென்று இருந்தால் விலகி ஓட நேரம் எடுக்கும், ஏடும் தடிமனாக நிற்கும், அதைக் குத்த உயரமான முனை வேண்டும் என்பதுதான் கணக்கு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போடுகிற வீடாக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தண்ணீரைவிடப் பல பத்து மடங்கு கொழகொழப்பு. மற்ற நாட்களில் வழுக்காத தரை அன்றைக்கு மட்டும் காலை வாருவது இதனால்தான்.

இப்போது மேட் விஷயம். பளபளப்பு போவதற்கு மேற்பரப்பில் ஒன்றிரண்டு மைக்ரான் மேடு பள்ளம் இருந்தாலே போதும். வெளிச்சத்தின் அலைநீளமே சுமார் அரை மைக்ரான்தான், அந்த அளவு கரடுமுரடிலேயே அது சிதறிவிடும். உங்கள் கண் 'மேட்' என்று சொல்லிவிடும். ஆனால் தண்ணீர் ஏட்டுக்கு 20 மைக்ரான் வேண்டும். ஆக, கண்ணுக்குக் கரடாகவும் காலுக்கு வழவழப்பாகவும் ஒரே டைல்ஸ் இருக்க முடியும். கடையில் நடக்கும் குழப்பம் அத்தனையும் இந்த இடைவெளிக்குள் நடப்பதுதான். விற்பவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல மாட்டேன், பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொரு மயக்கம், கூழாங்கல் டிசைன். புடைப்புப் புடைப்பாக இருக்கும் டைல்ஸைத் தடவிப் பார்த்து 'நல்லா கிரிப்பா இருக்கே' என்பார்கள். அந்தப் புடைப்புகளின் தலை வழவழப்பான கிளேஸால் மூடியிருந்தால், தண்ணீர் பள்ளங்களில் வடியுமே தவிர, தலைமேல் நிற்கும் கால் வழுக்கத்தான் செய்யும். ஆற்றில் கூழாங்கல்மேல் கால் வைத்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வடிவதற்குப் பள்ளம் வேண்டும், பிடிப்பதற்கு முனை வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

சரி, செய்முறைக்கு வருகிறேன். டைல்ஸின் உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் தண்ணீர் விட்டுப் பெரிய உருளை மில்லில் அரைத்து, அந்தக் கூழைச் சூடான காற்றில் பீய்ச்சி ரவை மாதிரி பொடியாக்கி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, உலர்த்தி, கிளேஸ் பூசி, படம் அச்சடித்து, உருளைச் சூளையில் விடுவார்கள். போர்சலின் வகைக்கு 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. உள்ளே போன டைல்ஸ் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். விறகுச் சூளையில் நாள்கணக்கில் பானை சுட்ட ஊரில் படித்துவிட்டுப் போன எனக்கு முதல் தடவை பார்த்தபோது நம்பவே முடியவில்லை.

வழுக்காத தன்மை வருவது கிளேஸில். கிளேஸ் என்பது கண்ணாடிப் பொடி கலந்த ஒரு கூழ், சூளையில் உருகி டைல்ஸின் மேல் கண்ணாடித் தோலாகப் படியும். அந்தக் கூழில் சில சதவீதம் கொருண்டம் தூளைக் கலப்போம். கொருண்டம் என்றால் அலுமினியம் ஆக்சைடு, மாணிக்கமும் நீலமும் எந்தப் பொருளோ அதே பொருள், நிறம் மட்டும் இல்லை. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி. அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். சூளை 1,200-தான். கிளேஸ் உருகும், கொருண்டம் உருகாது. கண்ணாடித் தோலில் பாதி புதைந்து, பாதி தலை நீட்டி நிற்கும். அந்தத் தலைதான் உங்கள் அம்மாவின் காலைப் பிடிக்கப்போகிறது.

கேட்க எளிதாக இருக்கிறது, லைனில் நின்றால்தான் கஷ்டம் தெரியும். கொருண்டம் தண்ணீரைப் போல நான்கு மடங்கு கனம். தொட்டியில் கலக்கிய ஐந்தாவது நிமிடமே அடியில் இறங்க ஆரம்பிக்கும். நான் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி ஷிஃப்ட். கலக்கியின் பெல்ட் நழுவிவிட்டது, கலக்கி மெதுவாகச் சுற்றுகிறது, ஓடுகிற சத்தம் கேட்டதால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கூழ் தொட்டியின் அடியிலிருந்து போவதால் முதல் ஒரு மணி நேரத்து டைல்ஸ் உப்புத்தாள் மாதிரி வந்தது. அதற்குப் பின் வந்ததில் கொருண்டம் கிட்டத்தட்ட இல்லை. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே நிறம், ஒரே மேட், ஒரே டிசைன்! விடிகாலையில் மூத்த ஃபோர்மேன் வந்தார். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு டைல்ஸை எடுத்து, ஒரு பஞ்சு உருண்டையை அதன்மேல் லேசாக இழுத்துவிட்டார். முதல் அடுக்கில் பஞ்சு நார் நாராக மாட்டிக்கொண்டது. இரண்டாவதில் ஒரு நார்கூட நிற்கவில்லை, பஞ்சு சறுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. அவர் ஒன்றும் திட்டவில்லை, பஞ்சை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அந்த லாட் முழுவதையும் பஞ்சு வைத்துப் பிரித்தேன்.

கூழைக் கெட்டிப்படுத்திக் கொருண்டத்தை மிதக்க வைக்கலாம்தான். பெண்டோனைட் களிமண், செல்லுலோஸ் பசை எல்லாம் அதற்காகவே சேர்ப்பார்கள். ரொம்பக் கெட்டியானால் பூச்சு சமமாக விழாது. தோசை மாவுக்குப் பதம் பார்ப்பது போல நாள் முழுக்கப் பதம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த ஆபத்து சூளைக்குள். கிளேஸ் அதிகமாக இளகினால் கொருண்டத்தின் தலைமேலும் ஏறி மூடிவிடும். தலை இருக்கும், ஆனால் மழுங்கிய தலை, சீனிப் பாகில் முக்கிய கடலை மாதிரி. சூடு சில டிகிரி கூடினாலும் இப்படி ஆகும். இதனால் இந்த வகைக்குக் கொஞ்சம் முரட்டுக் கிளேஸாக, எளிதில் ஓடாததாகத் தேர்ந்தெடுப்பார்கள். தூளின் பருமனும் முக்கியம். 200 மெஷ் சல்லடையில் இறங்குகிற தூள் என்றால் 75 மைக்ரானுக்குள். அதைவிடப் பருமனாகப் போட்டால் பிடிப்பு கூடும், ஆனால் துடைக்கிற துணி கிழியும், அழுக்கு உட்கார்ந்துவிடும், வயதானவர்களின் மெல்லிய தோல் உரசினால் சிராய்க்கும். குளியலறை டைல்ஸில் அளவுக்கு மீறிய கரடு நல்லதல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

கொருண்டம் தவிர வேறு வழிகளும் உண்டு. பிரஸ்ஸின் அச்சிலேயே மேடு பள்ளம் வெட்டி டைல்ஸுக்கு அந்த வடிவத்தைக் கொடுப்பது ஒன்று. மோர்பியில் இதைப் 'பஞ்ச்' என்பார்கள். கண்ணாடிக் குருணையைப் பசையோடு மேலே தூவிச் சுடுவது இன்னொன்று, 'சுகர்' பினிஷ் என்று கடைகளில் சொல்வது பெரும்பாலும் இந்த இனம். குருணை முனையோடு நின்றால் நல்ல பிடிப்பு, உருண்டுவிட்டால் பெயர் மட்டும்தான் மிச்சம். இப்போது வரும் சில டைல்ஸில் காய்ந்தபோது தடவினால் வழவழப்பு, நனைந்தால் பிடிப்பு. மிக நுண்ணிய முனைகளை நெருக்கமாக நிறுத்திச் செய்வது. விலை கூட, ஆனால் வீட்டுக்கு இதுதான் சுகம்.

வினைல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஈர அறைக்கென்றே வந்த தரை அது. மேற்கே குளியலறை முழுவதையும் நீர்க்காப்பு செய்து, தொட்டியோ வரம்போ இல்லாமல் குளிப்பதை 'வெட் ரூம்' என்று தனிப்பெயர் வைத்து விற்கிறார்கள். நம் குளியலறை என்றைக்குமே அதுதான், பெயர் வைக்கத்தான் நமக்குத் தோன்றவில்லை. பிரிட்டனின் ஆல்ட்ரோ நிறுவனம் 1947-இல் கொண்டுவந்ததுதான் பாதுகாப்புத் தரை என்கிற வகையின் ஆரம்பம். பிவிசி பொடியை இளக்கும் எண்ணெயோடு கலந்தால் இட்லி மாவு பதத்தில் ஒரு பசை வரும். அதைக் கண்ணாடி நார் விரிப்பின் மேல் கத்தி வைத்து வழித்துப் பரப்பி, அடுப்புக்குள் விட்டால் ரப்பர் போல இறுகும். அந்தப் பசைக்குள்ளேயே அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கான் கார்பைடு, குவார்ட்ஸ் மணிகள் கலந்திருக்கும். மருத்துவமனைத் தரையில் கறுப்பாகப் பொடிப்பொடியாக மின்னுவதைப் பார்த்திருந்தால், அது சிலிக்கான் கார்பைடு.

டைல்ஸில் முனை தேய்ந்தால் தேய்ந்ததுதான். இதில் மணிகள் மேலடுக்கின் முழு ஆழத்துக்கும் இருப்பதால், மேலே உள்ளது தேய்ந்து உதிர்ந்தால் அடியில் இருப்பது தலை நீட்டும். ஐரோப்பாவில் இந்த வகைக்கென்று இஎன் 13845 என்ற தரக்குறியீடே உண்டு. புதுசாக இருக்கும்போது மட்டும் பார்க்காமல், தேய்த்துத் தேய்த்து 50,000 சுற்றுக்குப் பிறகும் மணிகள் நிற்கின்றனவா என்று அதில் பார்ப்பார்கள். இரண்டு மில்லிமீட்டர்தான் தடிமன். மூலையில் சுவரோடு வளைத்து ஏற்றி, இணைப்புகளைச் சூடான காற்றால் உருக்கி ஒட்டிவிட்டால் கிரவுட், அதாவது டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை, என்ற பேச்சே இல்லை. நம் வீடுகளுக்கு இது ஏன் அதிகம் வரவில்லை என்றால், தரை அடியில் ஈரம் இருந்தால் ஒட்டாது, ஒட்டத் தெரிந்த ஆள் குறைவு, 'பிளாஸ்டிக் தரையா?' என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். படுக்கையோடு இருப்பவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குளிப்பாட்டும் வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வது இதுதான்.

எபாக்ஸி வீட்டுக் குளியலறைக்கு வேண்டாம், ஆனால் பெரிய சமையலறை, மீன் பதனிடும் கூடம் மாதிரி இடங்களில் இதுவும் பாலியூரித்தேன் என்ற பிசின் கலந்த சிமென்டும்தான். கொதிநீர் கொட்டுகிற இடம் என்றால் எபாக்ஸி இளகும், அங்கே பாலியூரித்தேன் சிமென்ட். செய்முறை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. பசை காய்வதற்குள் உலர்ந்த குவார்ட்ஸ் மணலை மேலிருந்து மழை போல விழும்படி தூவ வேண்டும். சாய்வாக வீசினால் பசை அலை அலையாகத் தள்ளிக்கொண்டு போகும். 'இனிமேல் குடிக்காது' என்று மேலே காய்ந்த மணல் தெரியும் வரை தூவி, மறுநாள் மிச்சத்தைப் பெருக்கி எடுத்துவிட்டு, மேல்கோட் ஒன்று அடிப்பது.

அந்த மேல்கோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கேன்டீனுக்கு நாங்கள் போட்ட தரை நன்றாகவே இருந்தது. கூட்டுகிறவர்களுக்குத் துடைக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று அங்கே பராமரிப்பு பார்த்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கேட்காமல் இன்னும் இரண்டு கோட் அடித்துவிட்டார். மணலின் முனைகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. திங்கட்கிழமை மதியம் சாம்பார் வாளியோடு ஒருவர் விழுந்தார். தொடையில் கொப்புளம், நல்லவேளை அதோடு போயிற்று. என்னைக் கூப்பிட்டு 'நீங்க போட்ட தரை வழுக்குது' என்றார்கள். பஞ்சைத்தான் எடுத்தேன். இழுத்துவிட்டேன், சறுக்கிக்கொண்டு போனது. பிறகு மேலே கிரைண்டர் ஓட்டி, மறுபடி மணல் தூவ வேண்டியதாயிற்று.

கல்லுக்கு வேறு வித்தை. கிரானைட்டை 'ஃபிளேம்' பினிஷ் செய்வது என்றால் ஆக்சிஜன் கலந்த தீநாக்கை வேகமாக மேலே ஓட்டுவது. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று உப்பும். மேல்தோல் செதில் செதிலாகத் தெறித்து, அடியில் படிகங்களின் முனை வெளியே வரும். வெளிப்படி, போர்ட்டிகோ, துணி துவைக்கும் இடத்துக்கு அருமையான தரை. குளியலறைக்குள் போட்டால் அழுக்கைத் தேய்த்தே கை ஓய்ந்துவிடும். லெதர் பினிஷ் துடைக்க எளிது, ஆனால் ஈரத்தில் அதை நான் நம்ப மாட்டேன்.

இப்போது பெட்டியில் போட்டிருக்கும் குறியீடுகள். கடைக்காரர் 'ஆர்-9 சார், டாப் கிரேடு' என்பார். ஆர்-1 முதல் ஆர்-8 வரை என்று ஒன்றே கிடையாது, ஆர்-9தான் கடைசி பெஞ்சு! ஜெர்மனியின் தரக்குறியீடான டின் 51130 கொண்டுவந்த முறை இது. சாய்வுப் பலகையில் டைல்ஸை ஒட்டி, மோட்டார் எண்ணெய் ஊற்றி, பாதுகாப்பு பூட்ஸ் போட்ட ஆளை இடுப்பில் கயிறு கட்டி நடக்கவிட்டு, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். 6 முதல் 10 டிகிரிக்குள் வழுக்கினால் ஆர்-9. 19 வரை ஆர்-10, 27 வரை ஆர்-11, 35 வரை ஆர்-12, அதற்கும் மேல் ஆர்-13. கடைசி இரண்டும் இறைச்சிக்கூடம் மாதிரி இடங்களுக்கு.

உங்கள் அம்மா பூட்ஸ் போட்டுக் குளிக்கப்போவதில்லை. வெறுங்காலுக்கு டின் 51097 என்று தனிச் சோதனை: அதே சாய்வுப் பலகை, எண்ணெய்க்குப் பதில் சோப்புத் தண்ணீர், வெறுங்கால். 12 டிகிரி தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. உடை மாற்றும் அறைக்கு ஏ, ஷவருக்கும் நீச்சல் குளத்தின் ஓரத்துக்கும் பி, குளத்துக்குள் இறங்கும் படிக்கு சி என்பது பொது வழக்கம். பெட்டியிலோ கம்பெனியின் விவரத்தாளிலோ பி அல்லது சி என்று இருந்தால் வாங்குங்கள். அது இல்லை, ஆர் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஆர்-11 கேளுங்கள், ஆர்-10 போதும் என்பது என் மனசுக்கு ஒப்பாது. அமெரிக்க ஏற்றுமதிச் சரக்கில் 0.42 என்ற எண்ணைப் பார்க்கலாம். ஈரத்தில் நடக்கும் சமதரைக்கான உராய்வின் குறைந்தபட்ச அளவு அது. சோப்பும் எண்ணெயும் புழங்கும் இடத்துக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

ஒன்று கவனிக்க வேண்டும். சாய்வுப் பலகைச் சோதனை ஆய்வுக்கூடத்தில், புது டைல்ஸில் நடப்பது. போட்டு நாலு வருடம் ஆன தரையில் அதைச் செய்ய முடியாது. அதற்குப் பெண்டுலம் சோதனை இருக்கிறது. ரப்பர் பட்டை கட்டிய ஒரு கை ஊசலாடி வந்து நனைந்த தரையை உரசிவிட்டு மேலே போகும், எவ்வளவு தூரம் போகிறது என்று முள் காட்டும். பிரிட்டனில் சாலை ஆராய்ச்சிக்காரர்கள் மழைக்காலச் சாலைகளுக்காக வளர்த்தெடுத்த கருவி, தரைக்கும் வந்துவிட்டது. 36-க்கு மேல் வந்தால் வழுக்கும் வாய்ப்பு குறைவு, 25-க்குக் கீழே என்றால் அதிகம்.

கடையில் என்ன செய்வது? ஒரு சாம்பிள் டைல்ஸ் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டுக் கலக்குங்கள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நிற்க வேண்டாம், குதிகாலை அழுத்தி முன்னே தள்ளுங்கள். மேட் டைல்ஸையும் ஒரு நல்ல சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தால் வித்தியாசத்தைக் கால் சொல்லிவிடும். அப்புறம் நடுவில் பென்சிலால் கிறுக்கி, துணியால் துடைத்துப் பாருங்கள். துடைக்கவே முடியவில்லை என்றால் அழுக்கும் அப்படித்தான் நிற்கும்.

அளவு சின்னதாக இருப்பது நல்லது. ஒண்ணுக்கு ஒண்ணு, அதாவது அடிக்கு அடி, குளியலறைக்குச் சரியான அளவு. பிடிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. நாலு பக்கத்திலிருந்தும் நானி ட்ராப்புக்கு (தண்ணீர் வடியும் வாய்) வாட்டம் கொடுக்கும்போது பெரிய டைல்ஸ் மடங்காது, ஒரு பக்கம் தண்ணீர் தேங்கும். வாட்டம் ஒரு மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் வயதானவர்களுக்கு நிற்கவே சாய்வாக இருக்கும். மேஸ்திரி வேலையை முடித்தவுடன் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள், எங்கே குட்டையாக நிற்கிறதோ அங்கேதான் நாளைக்குப் பாசி பிடிக்கும். கிரவுட் போட்டபின் மேலே படிந்த கலவைப் படலத்தை அன்றைக்கே ஸ்பாஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள். கரட்டு டைல்ஸில் அது உட்கார்ந்துவிட்டால் முதல் நாளே முனைகள் பாதி மூழ்கிவிடும்.

மூழ்குவது வீட்டிலும் தொடரும். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு, அதாவது கால்சியமும் மக்னீசியமும், அதிகம். சோப்பு அதோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு வெள்ளைப் பிசுக்கு உண்டாகும். துணி துவைத்த வாளியின் உள்பக்கத்தில் வளையமாக ஒட்டுமே, அது. அது பள்ளங்களை நிரப்பி, கொருண்டத்தின் தலைமேல் ஏறி, 45 மைக்ரானை ஐந்து மைக்ரானாக்கிவிடும். 'புதுசில் வழுக்கல, இப்ப வழுக்குது, டைல்ஸ் மோசம்' என்று வருகிற பத்தில் ஏழெட்டுப் புகார்களில் நான் கண்டது இந்தப் பிசுக்கைத்தான். மாப் போட்டு மேலோட்டமாகத் துடைத்தால் அது நகராது, இன்னும் சமமாகப் பரவும். வாரம் ஒருமுறை நைலான் பிரஷ்ஷால், சோப்பு இல்லாத டிடர்ஜென்ட் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உப்புக் கறைக்கு வினிகரோ எலுமிச்சை உப்போ போதும். தெருவில் பாட்டிலில் வரும் ஆசிட் வேண்டாம், கிரவுட்டைத் தின்றுவிடும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் சீயக்காய்த் தூளும் எண்ணெயும் சேர்ந்த சேறு தரையில் இருக்கும். அடுத்தவர் உள்ளே போவதற்கு முன் வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிடுங்கள்.

ஏற்கனவே போட்ட வழவழ டைல்ஸுக்கு மேலே பூசி வழுக்காமல் ஆக்கும் திரவங்கள் விற்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ இருக்கும். கண்ணாடியையே அரிக்கும் சரக்கு, அதனால்தான் கிளேஸில் குழி போடுகிறது. தோலில் பட்டால் உடனே எரியாமல்கூட உள்ளே இறங்கி, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் நீங்களே செய்து பார்க்கும் வேலை அல்ல. பழைய குளியலறை என்றால் மணல் ஒட்டிய டேப்பைக் குளிக்கும் இடத்தில் வரிசையாக ஒட்டுவது, ஓரம் கிளம்பியதும் மாற்றுவது, சுவரில் பலமான கைப்பிடி அடிப்பது, இவ்வளவே போதும். புது வீட்டிலும் கைப்பிடியை விட்டுவிடாதீர்கள்.

டைல்ஸ் வாங்கும்போது ஒரு பெட்டி அதிகமாக வாங்கி, அதில் ஒரு டைல்ஸை மட்டும் தனியே துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். ஒரு வருடம் கழித்து அதை எடுத்துக் குளியலறைத் தரையின் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் தண்ணீர் ஊற்றிக் குதிகாலை அழுத்திப் பாருங்கள். பரணில் இருந்தது பிடித்து, தரை வழுக்கினால் முதலில் பிரஷ்ஷை எடுங்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவியபின்னும் வழுக்கினால் கொருண்டத்தின் தலை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது கொத்தனாரைக் கூப்பிடலாம். பஞ்சு கையில் இருந்தால் அதை வைத்தும் பார்த்துக்கொள்ளுங்கள்.